கல்லின் வாட்டமும் பிரபுவின் பேரமும்

விறகு பிளப்பவர் மரத்தின் வாட்டம் பார்த்துத்தான் கோடரியை இறக்குவார். கல்லுக்கும் வாட்டம் உண்டு. வடமேற்கு வேல்சில், பெத்தெஸ்தா ஊரை ஒட்டிய பென்ரின் குவாரியின் சிலேட்டுக் கல்லில் உளியை வைத்து மரச்சுத்தியால் தட்டினால், சில மில்லிமீட்டர் கனத்தில் தகடு தகடாகக் கழன்று வரும்.

ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறுதான் இந்தக் கல். சேறு படிந்த அடுக்குகளே இப்படிப் பிரிகின்றன என்று நினைக்கத் தோன்றும். அது தவறு. பின்னாளில் கண்டங்கள் மோதியபோது பாறை நசுங்கியது. களிமண் மைக்கா என்ற கனிமமாக மாறி, அதன் நுண்செதில்கள் அழுத்தம் வந்த திசைக்குச் செங்குத்தாக வரிசை கட்டின. கல் பிளப்பது அந்த வரிசையில்தான். பழைய படிவு அடுக்குகள் அதற்குக் குறுக்கேகூட ஓடலாம். ஊதா நிறக் கல்லில் ஆங்காங்கே பச்சைப் புள்ளிகள் இருக்கும். உருண்டையாயிருந்த அவை முட்டை வடிவில் தட்டையானதை அளந்து, பாறை எவ்வளவு நசுங்கியது என்று கணக்கிடுகிறார்கள். எனக்கு இதுதான் ஆகப் பெரிய வியப்பு.

மலை பென்னன்ட் குடும்பத்தின் சொத்தாக இருந்தது. ஜமைக்காவில் அடிமைகள் உழைத்து விளைந்த சர்க்கரைப் பணம் கையிலிருந்த ரிச்சர்ட் பென்னன்ட், 1782இல் சிறு குத்தகைதாரர்களிடமிருந்து குவாரிகளைத் தன் வசம் எடுத்துக்கொண்டார்.

அங்கே கூலி தீர்மானிக்கப்பட்ட விதம் விசித்திரமானது. பாறை முகத்தில் சுமார் 6 கெஜ அகலத் துண்டை ஒரு குழு மாதக் கணக்கில் எடுக்கும். அதை 'பார்கென்' என்றார்கள், அதாவது பேரம். சிலர் பாறையை உடைப்பார்கள், சிலர் கொட்டகையில் பிளப்பார்கள். வாட்டம் நேராக ஓடும் கல்லுக்குக் குறைந்த கூலி. முறுக்கும் வெடிப்பும் நிறைந்த கல்லுக்குக் கூடுதல். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் உடைத்துப் பார்த்தால்தானே கல்லின் குணம் தெரியும்? பேரம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். மதிப்பிட்டவரோ பென்னன்ட் எஸ்டேட்டின் ஆள். அவரோடு முகம் கோணினால் மோசமான கல்லும் மோசமான கூலியும் சேர்ந்தே வந்து வாய்க்கலாம். பலருக்குக் குடியிருந்த வீட்டின் மனையும் அதே பென்னன்ட் பிரபுவினுடையது.

பேரத்துக்குப் பதில் ஒப்பந்தக்காரர்களைப் புகுத்தியது, தொழிற்சங்கத்தை ஏற்க மறுத்தது என மனக்கசப்பு முற்றி, 1900 நவம்பரில் சுமார் 2,800 பேர் குவாரியை விட்டு வெளியேறினார்கள். சிலர் அடுத்த ஆண்டே வேலைக்குத் திரும்பினார்கள். அப்போது மற்றவர்களின் ஜன்னல்களில் ஓர் அட்டை தொங்கியது: 'இந்த வீட்டில் துரோகி இல்லை.' 1903 நவம்பரில் போராட்டம் தோற்று முடியும்வரை, அட்டை இல்லாத ஜன்னலையும் ஊர் கவனித்துக்கொண்டிருந்தது.