தனியணு வினையூக்கி

குன்னூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ‘சிங்கிள் ஆட்டம் கேட்டலிஸ்ட்’ என்பதை ஒரு மாணவி ‘ஒற்றை அணு வினையூக்கி’ என்று நோட்டில் எழுதியிருந்தாள். பிழை இல்லை. ஆனாலும் ‘தனியணு வினையூக்கி’ என்பதே பொருளுக்கு நெருக்கம் என்பேன்.

முதலில் கேட்டலிஸ்ட். 1835இல் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் கிரேக்கத்திலிருந்து எடுத்த சொல் ‘கேட்டலிசிஸ்’. வேர்ப்பொருள் கட்டவிழ்த்தல். பழைய தமிழ் நூல்கள் ‘கிரியா ஊக்கி’ என்றன; இன்றைய பாடநூலில் வினையூக்கி. விசிறுவது விசிறி, மூடுவது மூடி போல வினையை ஊக்குவது வினையூக்கி. தான் தீர்ந்துபோகாமல் வினையை வேகப்படுத்தும். கிரேக்கச் சொல்லைவிட இது தெளிவு.

அப்புறம் ‘தனி’. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பெட்ரோல் கார்களின் புகைக்குழாயில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் நுண்துகள்களாக இருந்து நச்சான கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகின்றன. துகளின் மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்குத்தான் வேலை. நீளம், அகலம், உயரம் எல்லாம் பத்துப் பத்தாக ஆயிரம் அணுக்களைக் கனசதுரமாக அடுக்கிப் பாருங்கள்: 512 அணுக்கள் உள்ளே சிக்கிச் சும்மா கிடக்கும். தங்கத்துக்கு இணையாகப் பேசப்படும் உலோகத்தில் பாதிக்குமேல் வீண்! அணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நிறுத்திவிட்டால் எல்லாமே வெளியே நிற்கும். 2011இல் சீனாவின் தாலியன் நகரில் சாங் தாவோவும் உடன் ஆய்வாளர்களும் இரும்பு ஆக்சைடின் மேல் பிளாட்டினத்தை இப்படி நிறுத்தி, கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றம் செய்து காட்டினார்கள். ‘சிங்கிள் ஆட்டம்’ என்ற பெயர் பரவியது அவர்களின் ஆய்வுக்கட்டுரையிலிருந்துதான்.

‘ஒற்றை’ எண்ணிக்கையைச் சொல்கிறது. கேட்பவருக்கு மொத்தமே ஓர் அணுதான் இருக்கிறது என்று தோன்றும். உண்மையில் கோடானுகோடி அணுக்கள் உண்டு. ஆனால் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களைப் பாருங்கள். சரிவு முழுக்க மரங்கள்தான், ஆனால் எட்ட எட்ட. தனி மரம் தோப்பாகாது என்பார்கள். இங்கே தோப்பாகிவிடக் கூடாது என்பதுதான் வேதியியலாளரின் பாடு.

‘தனி என்றால் எதிலும் ஒட்டாமல் மிதப்பது ஆகாதா?’ என்று அந்த மாணவியே கேட்டாள். நல்ல கேள்வி. மரத்துக்கு மண் மாதிரி, அணுவுக்குத் தாங்கி வேண்டும். இரும்பு ஆக்சைடு, சீரியம் ஆக்சைடு, நைட்ரஜன் கலந்த கரி இவை தாங்கிகள். அவற்றின் ஆக்சிஜன் அல்லது நைட்ரஜன் அணுக்கள் உலோக அணுவைப் பிணைத்துப் பிடிக்கும். ஆக, தன் இனத்திலிருந்து தனித்தது, தாங்கியிலிருந்து அல்ல. தனிவீடு தரையை விட்டு நிற்பதில்லையே.

செய்முறையில் சிரமமும் இந்தத் தனிமையைக் காப்பதில்தான். ஒரு வழி, உலோக உப்பையும் தாங்கிக்கான உப்பையும் ஒரே கரைசலில் சேர்த்து வீழ்படிவாக்கி (அதாவது திடப்பொருளாக அடியில் படியவைத்து), உலர்த்திச் சூடாக்குவது. உலோகம் மிகக் கொஞ்சமாக இருக்க வேண்டும். 2011 ஆய்வில் எடையில் 0.17 சதவீதம்தான். பிடிமானம் போதாமல் சூடு ஏறினால் அணுக்கள் நகர்ந்து திரண்டு மறுபடி துகளாகிவிடும். திரண்டதா இல்லையா என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டும்: மங்கலான பின்னணியில் ஒவ்வொரு பிளாட்டினம் அணுவும் தனித்தனி வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.