இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்கும்

ஆங்கிலத்தில் 'இன்' என்று தொடங்கும் பல சொற்கள் எதிர்மறைப் பொருள் தருபவை. கரெக்ட், இன்கரெக்ட். விசிபிள், இன்விசிபிள். கம்ப்ளீட், இன்கம்ப்ளீட். இதைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அதனால் ஒரு டின்னின் மேல் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருந்தால், 'ஃப்ளேமபிள் தீப்பிடிக்கும், இன்ஃப்ளேமபிள் தீப்பிடிக்காது' என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. அந்தக் கணக்கு தவறு. இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்றுதான்: எளிதில் தீப்பற்றக்கூடியது.

தீப்பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் தொழில். ரசாயனங்களைக் கையாளும் இடங்களில், வேலை செய்பவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு டின்னின் லேபிளையும் படிக்கவைப்பேன். இந்தச் சொல்லில் தடுமாறுபவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் தெரியாதவர்கள் இல்லை. அவர்கள் சிவப்புக் கட்டத்தையும் தீச்சுடர்ப் படத்தையும் பார்த்து 'இது எரியும்' என்று சரியாகவே சொல்லிவிடுகிறார்கள். ஆங்கிலம் ஓரளவு நன்றாகப் படித்தவர்கள்தான் சொல்லைப் பிரித்துப் பொருள் தேடி, தவறான பக்கம் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. படித்த விதியைத்தான் அவர்கள் பயன்படுத்துகிறார்கள். இந்த இடத்தில் அந்த விதி பொருந்தாது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

விஷயம் லத்தீனில் இருக்கிறது. அங்கே 'இன்' என்ற முன்னொட்டு இரண்டு உண்டு. ஒன்று 'இல்லை' என்று மறுப்பது. மற்றொன்று 'உள்ளே', 'மேலே' என்ற பொருளில் வருவது. 'ஃப்ளாமா' என்றால் தீச்சுடர். அதோடு இரண்டாவது 'இன்' சேர்ந்து 'இன்ஃப்ளமாரே', அதாவது தீமூட்டுவது, என்ற வினைச்சொல் ஆயிற்று. இன்ஃப்ளேமபிள் அந்த வழியில் வந்தது. இன்கரெக்டில் இருக்கும் 'இன்' வேறு, இதில் இருக்கும் 'இன்' வேறு. பார்க்க மட்டும் ஒன்றுபோல இருக்கின்றன. மருத்துவர்கள் சொல்லும் இன்ஃப்ளமேஷனும் இதே வேர்தான். வீங்கி, சிவந்து, சுடுகிற நிலை. தமிழில் அதை அழற்சி என்கிறோம். அழல் என்றால் நெருப்பு. இன்ஃப்ளமேஷன் என்ற சொல்லைக் கேட்டு 'எரிச்சல் இல்லை' என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. அதை ஞாபகம் வைத்துக்கொண்டால் இன்ஃப்ளேமபிளும் குழப்பாது. பயிற்சியில் நான் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

இரண்டில் மூத்தது இன்ஃப்ளேமபிள்தான். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது ஆங்கிலத்தில் புழங்கியது. ஃப்ளேமபிள் 1813இல்தான் தென்படுகிறது, அதன் பிறகும் நெடுநாள் அரிதாகவே இருந்தது. அதைக் கையைப் பிடித்து முன்னுக்குக் கொண்டுவந்தவர்கள் தீத்தடுப்புத் துறைக்காரர்கள். 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 'இன்' இல்லாத வடிவத்தையே எழுதும்படி வலியுறுத்தத் தொடங்கியது. பிரிட்டனின் தர நிர்ணய நிறுவனமும் 1959இல் அதே முடிவுக்கு வந்தது. காரணம் ஒன்றுதான்: எச்சரிக்கைச் சொல்லை யாராவது தலைகீழாகப் படித்துவிடக் கூடாது. ஒரு மொழியில் வழக்கூன்றிய சொல்லை, உயிரைக் காப்பாற்றுவதற்காக மனமறிந்து மாற்றிய நிகழ்ச்சி இது. சொல் அழகைவிட உயிர் பெரிது என்று முடிவெடுத்தவர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனாலும் பழைய சொல் மறைந்துவிடவில்லை. பழைய பலகைகளிலும் டேங்கர்களின் பின்புறத்திலும் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' இன்னும் இருக்கிறது. பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் இன்றும் 'இன்' சேர்ந்த வடிவம்தான் தீப்பிடிப்பதைக் குறிக்கிறது. தீப்பிடிக்காது என்று சொல்ல வேண்டுமானால் பிரெஞ்சுக்காரர்கள் அதன் முன்னால் இன்னொரு 'இன்' சேர்ப்பார்கள்.

எழுத்துப் பிழையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், லேபிள் அச்சடிப்பவர்களுக்காக. ஃப்ளேம் என்று எழுதும்போது 'எம்' ஒன்று. ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டிலும் 'எம்' இரண்டு. லத்தீன் ஃப்ளாமாவில் இருந்த இரட்டை 'எம்' அப்படியே வந்திருக்கிறது. எதிர்ச்சொல் வேண்டுமானால் 'நான்ஃப்ளேமபிள்' என்று மட்டும் எழுதுங்கள்.

அந்த எதிர்ச்சொல்லிலும் ஒரு ஆபத்து உண்டு. சரக்குப் போக்குவரத்து விதிகளில் ஆக்சிஜன் 'தீப்பற்றாத வாயு' என்ற 2.2 பிரிவில் வருகிறது. ஆக்சிஜன் தானாக எரியாது, அதுவரை சரி. ஆனால் பக்கத்தில் எரிவது எதுவோ அதை மூர்க்கமாக எரியவைக்கும். அதனால்தான் அதற்கு ஒரு வட்டத்தின் மேல் சுடர் எரிகிற மாதிரி தனிப் படம் இருக்கிறது. வெறும் சுடர் என்றால் இந்தப் பொருள் எரியும். வட்டத்தின் மேல் சுடர் என்றால் இது மற்றதை எரியவைக்கும்.

இந்தப் படங்கள் ஜி.எச்.எஸ். என்ற, ரசாயனங்களை ஆபத்து வாரியாகப் பிரித்து லேபிள் இடுவதற்கான ஐ.நா. முறையிலிருந்து வந்தவை. முதல் பதிப்பு 2003இல் வெளியானது. மொழி தெரியாதவரும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால்தான் சிவப்பு ஓரம், வெள்ளைப் பின்னணி, கறுப்புப் படம். அந்த முறையில் ஒரு திரவம் எவ்வளவு ஆபத்தானது என்பதை அதன் ஃப்ளாஷ் பாயிண்ட்டை வைத்துப் பிரிக்கிறார்கள். ஒரு பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும் அளவுக்குத் திரவத்திலிருந்து ஆவி கிளம்பும் மிகக் குறைந்த வெப்பநிலைதான் ஃப்ளாஷ் பாயிண்ட். பெட்ரோலுக்கு அது சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ். அசிட்டோனுக்கு மைனஸ் 20ஐ ஒட்டி. எத்தனாலுக்கு 13 டிகிரி. டீசலுக்கு 50 டிகிரிக்கு மேல். 23 டிகிரிக்குக் கீழே என்றால் சாதாரண அறை வெப்பத்திலேயே அது தயாராக இருக்கிறது என்று பொருள். லேபிளில் 'டேஞ்சர்' என்று போட்டிருக்கும். 60இலிருந்து 93 டிகிரி வரை உள்ளவற்றுக்கு ஜி.எச்.எஸ். சுடர்ப் படமே கொடுப்பதில்லை, 'வார்னிங்' என்ற சொல் மட்டும்தான். ஆகவே படம் இல்லை என்பதை வைத்து எரியாது என்று முடிவு கட்டாதீர்கள். ரசாயனத்தோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளான எஸ்.டி.எஸ்.ஸில் 9ஆம் பகுதியைத் திறந்து ஃப்ளாஷ் பாயிண்ட் எண்ணைப் பாருங்கள். அது எந்த இலக்கணத்துக்கும் கட்டுப்படாது.

எரிவது திரவம் இல்லை, அதன் ஆவி. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதிய எதற்கும் பயனில்லை. பெட்ரோல், தின்னர் போன்றவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடியைத் திறந்து வைத்தால் அது கூரைக்குப் போகாது. டின்னின் விளிம்பிலிருந்து வழிந்து, கொட்டிய தண்ணீர்போலத் தரையோடு ஓடி, தாழ்வான மூலைக்கும் சாக்கடைக் குழிக்கும் போய்ச் சேரும். தூரத்தில் ஒரு ஸ்விட்சிலோ மோட்டாரிலோ பொறி பறந்தால் அங்கே பற்றி, ஆவி வந்த வழியிலேயே டின்னுக்குத் திரும்பி வரும். 'நெருப்பு பக்கத்திலேயே இல்லையே' என்று பிறகு சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை.

இன்னொரு பெயரடை எனக்கு இதைவிடவும் கவலை தருகிறது: 'எம்ட்டி', காலி. பெஞ்சமின் லீ ஒர்ஃப் என்ற மொழியியலாளர், அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் தீக்காப்பீட்டு நிறுவனத்தில் தீத்தடுப்புப் பொறியாளராக வேலை பார்த்தவர். அவர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். பெட்ரோல் நிரம்பிய டிரம்கள் இருக்கும் இடத்தில் எல்லாரும் எச்சரிக்கையாக நடந்துகொள்கிறார்கள்; 'காலி' டிரம்கள் இருக்கும் இடத்தில் அந்த எச்சரிக்கை தளர்ந்து, சிகரெட் துண்டைக்கூட எறிகிறார்கள். ஆனால் காலி டிரம்தான் கூடுதல் ஆபத்து. நிரம்பிய டிரம்மில் ஆவிக்கும் காற்றுக்கும் இடம் குறைவு. காலி டிரம்மில் இரண்டும் தாராளமாகக் கலக்கும். பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 சதவீதம் இருந்தாலே வெடிக்கப் போதும். அடியில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் பெட்ரோலே அதற்குத் தாராளம்.

அதனால் நான் போகும் இடங்களில் டிரம்மின் மேல் 'காலி' என்று எழுத விடுவதில்லை. உள்ளே முன்பு என்ன இருந்ததோ அதன் பெயரோடு, 'சுத்தம் செய்யவில்லை' என்று எழுதச் சொல்கிறேன். பழைய லேபிளைக் கிழிக்கக் கூடாது, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், வைப்பது நிரம்பிய டிரம் வைக்கும் இடத்திலேயே. அதை வெட்டி வேறு வேலைக்குப் பயன்படுத்த நினைத்தால், முறையாகக் கழுவி, ஆவியை வெளியேற்றி, கேஸ் டிடெக்டர் குழாயை டிரம்மின் அடிவரை இறக்கி அளந்து பார்க்க வேண்டும். வாயருகே மட்டும் அளந்துவிட்டு கேஸ் கட்டிங் தொடங்கக் கூடாது; கனமான ஆவி கீழேதான் தங்கியிருக்கும்.