சப்மரீனர் எட்டாதவர்களுக்கு: கொப்பி வாங்க முன்னர் பார்க்க வேண்டியவை

ரோலெக்ஸ் கொம்பனியின் முக்குளிப்பு மணிக்கூடான சப்மரீனரின் கடை விலை இன்று பத்தாயிரம் அமெரிக்க டொலரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. எங்கள் இலங்கைக் காசில் முப்பது லட்சம் ரூபா. கட்டத் தயார் என்றாலும் போன உடனே கையில் தரமாட்டார்கள். பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பட்டேக் பிலிப் என்ற சுவிஸ் கொம்பனியின் நோட்டிலஸ் பக்கம் போனால் கதையே வேறு. 2006இல் வந்த 5711 வகையை 2021இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது அது கைமாறும் விலைக்கு இங்கே திருகோணமலையில் வீடுவளவே வாங்கலாம்.

ஆசைப்படுவதில் பிழையில்லை. அந்த ஆசையை வைத்துப் பிழைப்பவர்கள்தான் பிரச்சினை. முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் ‘மாஸ்டர் கொப்பி’, ‘சுப்பர் குளோன்’ என்று விற்கிறார்கள். அந்த மணிக்கூடுகள் ஆறு மாதம், ஒரு வருடத்தில் பழுது பார்க்கும் மேசைக்கு வரும். பின்மூடியைத் திறந்தால் மலிவானவற்றில் பெரும்பாலும் இருப்பது டிஜி 2813 என்ற சீன இயந்திரம். அதன் நொடிமுள் ஒரு நொடிக்கு ஆறு அடி வைக்கும். உண்மையான சப்மரீனரின் முள் எட்டு அடி. சப்மரீனரில் பற்றரி வகை ஒருபோதும் வந்ததில்லை, பின்பக்கம் கண்ணாடி மூடியும் கிடையாது. ஆகவே முள் நொடிக்கு ஒருமுறை ‘டிக் டிக்’ என்று குதித்தால், அல்லது பின்னால் இயந்திரம் தெரிந்தால், அதற்குமேல் சோதிக்க ஒன்றுமில்லை. ஆனால் விலை கூடிய கொப்பிகள் இந்தச் சோதனைகளையெல்லாம் தாண்டிவிடும். கண்ணை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

கொப்பியின் உண்மையான குறை அது பழுதாகும்போதுதான் தெரியும். நேரம் மாற்றும் குமிழும், அது திருகி இறங்கும் சிறு குழாயும் எந்த அளவுப் பட்டியலிலும் இல்லாத அளவாக இருக்கும். மரை தேய்ந்தால் மாற்ற உதிரி கிடையாது. பின்மூடி ரப்பர் வாசரும் அப்படித்தான். முகப்பில் 300 மீற்றர் என்று எழுதியிருக்கும். முகம் கழுவும் தண்ணீருக்கே கண்ணாடியில் நீராவி படியும். சட்டத்திலும் இது சின்ன விஷயமல்ல: போலி வர்த்தகக் குறியுடன் பொருள் விற்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் குற்றம்.

மலிவான மணிக்கூடு எதை எடுத்தாலும் முதலில் பின்மூடியைத் திருப்பி வாசியுங்கள். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று மட்டும் பொறித்திருந்தால் அந்த மூடி ஒன்றுதான் துருப்பிடிக்காத உருக்கு. உடல் பித்தளை அல்லது வேறு மலிவு உலோகத்தில் வார்த்து மேலே முலாம் பூசியது. திருமலை வெயிலில் வியர்வை உப்பு முதலில் பட்டி கோக்கும் காதுகளின் உட்பக்கத்தில் பிடிக்கும். அங்கே முலாம் கொப்பளித்து, அடியில் பச்சை பிடித்து, ஊசி முனை அளவில் குழி விழும். பட்டியைத் தாங்கும் ஸ்பிரிங் கம்பி நிற்கும் துளை பெருத்தால், ஒருநாள் மணிக்கூடு கையிலிருந்து கழன்று கடலுக்குள் போகும். முழு உடலும் உருக்கு என்றால் தயாரிப்பாளர் அதைச் சொல்லாமல் விடமாட்டார். 316எல் என்ற உருக்கு வகை என்று இருந்தால் நல்லது.

இனி மாற்று. சப்மரீனரில் உங்களை இழுத்தது எது என்று முதலில் தீர்மானியுங்கள். கடலுக்குள் கட்டிக்கொண்டு இறங்கலாம் என்பதா, அந்தத் தோற்றமா, உள்ளே சக்கரம் சுழலும் இயந்திரமா? மூன்றையும் குறைந்த காசில் ஒன்றாகத் தேடுபவர்தான் கடைசியில் கொப்பியில் போய் விழுகிறார்.

கடல்தான் முக்கியம் என்றால் காசியோ டியூரோ. 200 மீற்றர் நீர்த்தாங்கு அளவு, திருகி இறுக்கும் குமிழ், ஒருபக்கம் மட்டும் சுழலும் வளையம். விலை சப்மரீனரின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பில் கேட்ஸ் கையில் பலமுறை படம்பிடிக்கப்பட்டதும் இதுதான். நேரத்தில் இது ரோலெக்ஸை வெல்லும் என்றால் பலர் நம்புவதில்லை. ரோலெக்ஸ் தரும் உறுதி நாளொன்றுக்குக் கூடக் குறைய 2 நொடி. டியூரோவுக்கு மாதமொன்றுக்கே 20 நொடி. இதன் குறை பருமனில் இருக்கிறது. 44 மில்லிமீற்றர் அகலம் மெல்லிய மணிக்கட்டில் பிதுங்கும். வாங்க முன்னர் மணிக்கட்டின் மேற்பக்கத் தட்டையான பகுதியை அடிமட்டம் வைத்து அளந்துகொள்ளுங்கள். காதிலிருந்து காதுவரையான நீளம் அதைத் தாண்டக்கூடாது. சாதாரண கண்ணாடி என்பதால் கீறும். கூடவரும் ரப்பர்ப் பட்டி சில வருடத்தில் வெடிக்கும். 22 மில்லிமீற்றர் பட்டி எதுவும் பொருந்தும்.

கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் சிட்டிசன் புரோமாஸ்டர் எக்கோ டிரைவ். வெளிச்சத்தில் மின்னேறும், நிறைந்தால் இருட்டில் ஆறு மாதம் ஓடும், முக்குளிப்புக்கான ஐஎஸ்ஓ 6425 தரம். சங்குக்கோ கடலட்டைக்கோ மூழ்குபவருக்கு எங்கள் முதல் தெரிவு இது. அலுமாரிக்குள் நெடுநாள் கிடந்தால் நொடிமுள் இரண்டிரண்டு நொடியாகத் தாவும். பழுதென்று பயப்பட வேண்டாம், காலை வெளிச்சத்தில் யன்னலோரம் வையுங்கள். முச்சக்கர வண்டியின் முன்தட்டில் வெயிலில் காயவைக்க வேண்டாம். இன்னொன்று கட்டாயம்: உள்ளே இருப்பது மீளமின்னேறும் கலம். பருமன் ஒத்துப்போகிறதென்று சாதாரண பற்றரியைப் போட்டுவிடுகிறார்கள். அது மின்னேறும்போது கசிந்து, சுற்றுப்பலகையையே தின்றுவிடும்.

இயந்திரம்தான் வேண்டும், கடலும் வேண்டும் என்றால் ஓரியன்ட் கமாசு. நீலமணிக் (சபையர்) கண்ணாடி, 200 மீற்றர், திருகுக் குமிழ், சொந்த இயந்திரம். சங்கிலிப் பட்டி கொஞ்சம் கலகலக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. 2019இல் நின்றுபோன எஸ்கேஎக்ஸ் 007 முக்குளிப்பு மணிக்கூட்டின் முகம்தான் இதற்கும். ஆனால் நீர்த்தாங்கு அளவு 100 மீற்றர், குமிழ் திருகி இறுகாது, வெறுமனே அமுங்கும். நிலாவெளியில் குளிக்கலாம், புறாத்தீவில் முகமூடி போட்டு மிதக்கலாம். காற்றுக் குடுவை கட்டி இறங்க அது உரியதல்ல. அதற்குள் இருக்கும் 4ஆர்36 இயந்திரத்துக்குச் சீக்கோ சொல்லும் எல்லையே நாளொன்றுக்கு 45 நொடி வேகம், 35 நொடி தாமதம். வாங்கிய வாரமே ‘ஓடிப்போகிறது’ என்று கொண்டுவருவார்கள். கிடைநிலையிலும் நிமிர்ந்த நிலையிலும் அளந்து சீர்செய்தால் பெரும்பாலும் பத்து நொடிக்குள் வந்துவிடும்.

தோற்றத்துக்காக வாங்குபவர்களுக்கு: ஓடமார் பிகே கொம்பனியின் எட்டுமூலை ரோயல் ஓக் பிடித்திருந்தால் டிசோ பிஆர்எக்ஸ். 1978இல் வந்த வடிவத்தை 2021இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். பற்றரி வகையை எடுக்கச் சொல்வோம். பவர்மாட்டிக் 80 என்ற தானியங்கி வகை கழற்றி வைத்தாலும் 80 மணித்தியாலம் ஓடும், அழகானதும்கூட. ஆனால் வழக்கமான சீராக்கி நெம்பு அதில் இல்லை. வேகம் பிசகினால் எங்கள் ஊரில் திருத்துவது கடினம். எட்டுமூலை வடிவம் மட்டும் போதும் என்றால் காசியோ ஜிஏ 2100. ரோலெக்ஸ் ஓய்ஸ்டர் பெர்ப்பெச்சுவலின் வண்ண முகப்பில் ஆசை இருந்தால் சிட்டிசன் சுயோசா. அதன் நீர்த்தாங்கு அளவு வெறும் 50 மீற்றர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சப்மரீனரின் வடிவத்தை அப்படியே எடுத்து, தங்கள் சொந்தப் பெயரைப் பொறித்து விற்கும் கொம்பனிகளும் உண்டு: இன்விக்டா, பகானி டிசைன், சான் மார்ட்டின் போன்றவை. இதைக் கொப்பியோடு சேர்த்துப் பேசுவது தவறு. இங்கே யாரும் ரோலெக்ஸ் என்று பொய் சொல்லவில்லை. இவற்றில் என்எச்35 இயந்திரம் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். சீக்கோ குழுமத் தயாரிப்பு, 24 கல், கழற்றி வைத்தாலும் 41 மணித்தியாலம் ஓடும். எங்கும் கிடைப்பதால், கெட்டுப்போனால் கழற்றிக் கழுவி எண்ணெய் போடுவதைவிட இயந்திரத்தையே புதிதாக மாற்றுவது பல வேளைகளில் மலிவு. இணையத்தில் வரவழைக்கிறீர்களென்றால் சுங்க வரியைச் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நீர்த்தாங்கு எண்களைப் பற்றி ஊரில் பெரிய குழப்பம். 30 மீற்றர் என்றால் 30 மீற்றர் ஆழம் போகலாம் என்பதல்ல. கை கழுவலாம், மழையில் நனையலாம், அவ்வளவுதான். 50இல் மெதுவாக நீந்தலாம். 100இல் தாராளமாக நீந்தலாம். குதிப்பது, மூழ்குவது எல்லாம் 200இலிருந்துதான். அந்த எண்ணும் புது வாசருக்குத்தான் பொருந்தும். ரப்பர் காலப்போக்கில் தட்டையாகி இறுகும்; கடலில் புழங்குபவர் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும்.

கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகும்போது, 200 மீற்றர் ஆனாலும், கழற்றிப் பையில் வையுங்கள். வாளியால் அள்ளி ஊற்றும் வெந்நீரில் உலோகமும் கண்ணாடியும் ரப்பரும் ஒரே அளவில் விரிவதில்லை. உடனே குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, கிடைத்த இடுக்கால் ஈரத்தை உறிஞ்சும். கொதிக்கும் மணலில் கிடந்த மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு கடலில் பாய்வதும் இதே கேடுதான்.

உள்ளே ஈரம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கை பொறுக்கும் சூட்டில், அதாவது 40 முதல் 45 பாகை வரையான தண்ணீர் உள்ள பாத்திரத்தை ஒரு எவர்சில்வர் தட்டால் மூடுங்கள். தட்டின்மேல் மணிக்கூட்டைப் பின்மூடி கீழிருக்க வைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பிறகு கண்ணாடியின் நடுவில் குளிர்ந்த தண்ணீர் ஒரு துளி. ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டுப் பாருங்கள். துளி இருந்த இடத்தில் உட்பக்கம் மங்கல் படிந்து நின்றால் உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது. வெயிலில் வைப்பதாலும் அரிசிக்குள் புதைப்பதாலும் அது போகாது. திறந்துதான் உலர்த்த வேண்டும். புகுந்தது கடல்தண்ணீர் என்றால் அன்றைக்கே கொண்டுபோங்கள், உருக்குப் பாகங்கள் ஓர் இரவில் துருவேறிவிடும்.

கடலில் இருந்து வந்ததும் குமிழ் இறுகியிருக்கிறதா என்று பார்த்து, நல்ல தண்ணீரில் அலசி, வளையத்தை அந்தத் தண்ணீருக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். உப்பு அதன் அடியில் காய்ந்தால் பிறகு இடுக்கி வைத்தாலும் அசையாது. ஈரத்தோடு குமிழைத் திறக்கக்கூடாது. மூடும்போது மெல்ல அமுக்கி முதலில் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். மரை விழும் சிறு தட்டலை விரல் உணரும், அதன்பின் இறுக்குங்கள். நேராக இறுக்கினால் மரை பிறழும்.

நீர் புகுந்து வரும் மணிக்கூடுகளில் பல, முதலில் பற்றரி மாற்றியபோது கெட்டவைதான். காய்ந்த வாசரை அப்படியே வைத்து மூடினால் ஓரிடத்தில் நசுங்கி நிற்கும். மயிர் அளவு இடைவெளி போதும். வாசரைக் கழற்றி, பள்ளத்தைத் துடைத்து, சிலிக்கன் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசித்தான் மூடவேண்டும். டியூரோவுக்கு எஸ்ஆர் 626 வெள்ளி ஒக்சைட்டுப் பற்றரி. அதே பருமனில் எல்ஆர் 626 என்ற மலிவான அல்கலைன் கிடைக்கும்; சீக்கிரம் மின்னழுத்தம் இறங்கும், கசியவும் செய்யும். மூடியபின் அழுத்தப் பரிசோதனை செய்ய இயந்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த மணிக்கூட்டை அன்றிலிருந்து மழைக்கு மட்டும் தாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எதையும் வாங்க முன்னர் வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள். எழுபது எண்பதுகளில் வளைகுடாவில் வேலைசெய்து திரும்பியவர்கள் கொண்டுவந்த சீக்கோ 5 பல வீடுகளில் நின்றபடியே கிடக்கிறது. பின்மூடி எண் 6309 அல்லது 7009 என்று தொடங்கினால் அது நல்ல உழைப்பாளி. அசைத்துப் பார்த்து ஓடுகிறதென்று அப்படியே கட்டவேண்டாம்; காய்ந்த எண்ணெயில் ஓடினால் அச்சுகள் தேயும். முழுதாகக் கழற்றிக் கழுவி எண்ணெய் போட்டு, வாசரும் தேவையானால் பிரதான சுருள்வில்லும் மாற்றச் சொல்லுங்கள். இரவு ஒன்பதுக்கும் விடிய மூன்றுக்கும் இடையில் திகதியைத் திருப்பினால் பற்கள் உடையும். தண்ணீரில் படவே கூடாது. இதே பழைய சீக்கோக்களை முகப்புக்கு மினுமினுவென்று புதுவர்ணம் அடித்து இணையத்தில் விற்கிறார்கள். உள்ளே பாகங்கள் கலந்திருக்கும், வாங்காதீர்கள். உங்கள் அப்பாவுடையதன் முகப்பு மஞ்சளித்திருந்தாலும் அதைத் தீட்ட வேண்டாமென்று பழுது பார்ப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாற்றிய பழைய பாகங்களையும் ஒரு சிறு பையில் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.