டிஸ்சார்ஜ் புக்கில் தப்பு இருந்தால், வீரர் இருக்கும்போதே திருத்திவிடுங்கள்

பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் வீட்டில் டிஸ்சார்ஜ் புக், அதாவது பணி முடிந்து வரும்போது படை தரும் பதிவுப் புத்தகம், பீரோவில், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். அவ்வளவு பத்திரமாக வைத்திருப்பவர்களில் அதைப் பிரித்து ஒரு முறையாவது வரிவரியாகப் படித்தவர்கள் குறைவு. வேலூரில் முன்னாள் படைவீரர்களின் பென்ஷன் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் நான். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுகிற மாவட்டம் இது. இங்கே என் மேசைக்கு வருகிற புக்குகளில் பலவற்றில் ஏதாவது ஒரு பிழை இருக்கிறது. அதில் பெரும்பகுதி மனைவியின் பெயர்.

காரணம் எளிது. யூனிட்டில் பதிவு எழுதிய கிளார்க் பெரும்பாலும் வடநாட்டுக்காரர். கலாவதி என்று ஆங்கிலத்தில் எழுத நாம் 'வி'யும் 'டிஹெச்'சும் போடுவோம், அவர் 'டபிள்யூ'வும் வெறும் 'டி'யும் போட்டிருப்பார். ஜோதி ஜ்யோதியாகியிருப்பார், லட்சுமி நடுவில் ஒரு 'எக்ஸ்' வந்து உட்கார்ந்திருக்கும். அப்புறம் இனிஷியல். ஆதாரில் இருக்கும், புக்கில் இருக்காது. சில வீரர்களோ கல்யாணமான புதிதில் யூனிட்டுக்கு எழுதிக் கொடுக்கும்போது வீட்டில் கூப்பிடுகிற பெயரையே கொடுத்திருப்பார்கள்.

வீரர் உயிரோடு இருக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது. பென்ஷன் அவர் பெயரில் வருகிறது, எல்லாம் ஓடுகிறது. அவர் போன பிறகு, குடும்ப ஓய்வூதியத்துக்கு மனைவி காகிதத்தை நீட்டும்போதுதான் விஷயம் வெடிக்கிறது.

ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரின் மனைவி என்னிடம் வந்தார். புக்கில் அவர் பெயர் பாப்பா. ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் விசாலாட்சி. (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) கவுண்டரில் இருந்தவர் கேட்டாராம்: "பாப்பா யாரும்மா? உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கல்யாணமா?" அந்த அம்மா அதைச் சொல்லும்போது அழவில்லை, கோபமாக இருந்தார். "முப்பது வருஷம் குடும்பம் நடத்தினேன் சார். நான்தான் பாப்பான்னு இப்ப யார் வந்து சாட்சி சொல்றது?" கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்று, நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம், பழைய ஜோடிப் புகைப்படம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகத் திரட்டி, இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபித்தோம். அதுவரை மாதாமாதம் வரவேண்டிய பணம் வரவில்லை. கணவர் இருக்கும்போது தானே கையெழுத்துப் போட்டு "இவர்தான் என் மனைவி, பெயரைத் திருத்துங்கள்" என்று எழுதியிருந்தால், இதில் பாதி அலைச்சல்கூட இருந்திருக்காது. நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: அவர் கையெழுத்துப் போடக்கூடிய நிலையில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள்.

எங்கே திருத்துவது? பலர் முதலில் பென்ஷன் வருகிற இடத்துக்கு ஓடுகிறார்கள். வங்கியிலோ, ஸ்பர்ஷ் என்கிற படைப் பென்ஷன் இணையதளத்திலோ இருப்பது பிபிஓவிலிருந்து, அதாவது பென்ஷன் வழங்கும் உத்தரவிலிருந்து வந்த விவரம். பிபிஓவுக்கு விவரம் கொடுத்தது, வீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸ். அது படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு வேறு. உங்கள் கையில் இருக்கும் புக்கும் அங்கே உள்ள பதிவிலிருந்து எழுதப்பட்டதுதான். மூலப் பதிவைத் திருத்தாமல் கீழே எதைத் திருத்தினாலும் நிற்காது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, இஎம்இ எனப்படும் மின், இயந்திரப் பொறியாளர் பிரிவுக்கு செகந்திராபாத், விமானப்படைக்கு டெல்லி. தயவுசெய்து புக்கில் நீங்களே பேனாவால் அடித்து எழுதிவிடாதீர்கள். அதிகாரியின் முத்திரையும் கையெழுத்தும் இல்லாத திருத்தம், நல்லதாக இருந்த பக்கத்தையும் சந்தேகத்துக்கு உரியதாக்கிவிடும்.

விண்ணப்பத்தை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்புங்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் சோல்ஜர் போர்டு என்பார்களே, அதுதான். ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், டிஸ்சார்ஜ் தேதி முதல் வரியிலேயே இருக்கட்டும். புக்கின் நகல், பிபிஓ நகல், ஆதார், பிரமாணப் பத்திரம், ஜோடிப் புகைப்படம் சேர்த்து வையுங்கள். எழுத்துப் பிழையாக இல்லாமல் பெயரே வேறாக இருந்தால் அரசிதழ் அறிவிப்பும் கேட்கலாம். ரெக்கார்டு ஆபீஸ் ஏற்றுக்கொண்டால் பார்ட் டூ ஆர்டர் போடும். கல்யாணம், பிள்ளை பிறப்பு, பெயர்த் திருத்தம் என்று ஒரு வீரரின் குடும்ப விவரம் எது மாறினாலும் அந்த ஆர்டரில் வந்தால்தான் அது படைக்குத் தெரிந்த விஷயம். அந்த ஆர்டர் கைக்கு வந்ததும் பலர் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். முடியவில்லை. தரைப்படைக்காரர்கள் என்றால் பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் கணக்கு அலுவலகத்திலிருந்து திருத்திய பிபிஓ வர வேண்டும், ஸ்பர்ஷிலும் புதிய பெயர் தெரிய வேண்டும். அதுவரை விடாதீர்கள்.

மனைவியின் பிறந்த தேதியையும் அப்போதே பாருங்கள். குடும்ப ஓய்வூதியம் 80 வயதில் 20 சதவீதம் கூடும், 85இல் 30, 90இல் 40 என்று ஏறிக்கொண்டே போகும். தேதி இல்லாத பதிவை வைத்து வயதைக் கணக்கிட முடியாது. வீரரின் சொந்தப் பிறந்த தேதி வேறு கதை. படையில் சேரும்போது பதிந்ததை இத்தனை காலம் கழித்து மாற்றச் சொன்னால் நீதிமன்றங்களும் லேசில் ஏற்பதில்லை. ஆதாரில் தேதி வேறாக இருந்தால், ஆதாரைப் படைப் பதிவுக்குப் பொருத்துவதுதான் பெரும்பாலும் நடக்கிற காரியம்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு ஒரு தனி வேண்டுகோள். பெற்றோருக்குப் பிறகு, சம்பாதிக்க இயலாத அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் பெற வழி இருக்கிறது. அந்தப் பிள்ளையின் பெயர் பதிவில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வெட்கப்பட்டோ கவனிக்காமலோ விட்டுவிட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான்.

இதுவரை சொன்னவை எழுத்தர் வேலை. வெளியே அனுப்பிய காரணத்தையோ மருத்துவக் குறிப்பையோ மாற்றுவது அப்படியல்ல, அது சட்டப் போராட்டம். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, வெளியே வருகிற ஜேசிஓவுக்கும் (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரி) ஜவானுக்கும் யாருடைய அதிகாரத்தில், என்ன காரணத்தால் பணி முடிந்தது, மொத்தம் எவ்வளவு காலம் என்பதைத் தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சான்றிதழாகத் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கியவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. காரணம் தெரியாமலே வீட்டுக்கு வந்து, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதிர்ச்சி அடைந்தவர்கள் உண்டு.

நான்கு ரெட் இங்க் என்ட்ரி (பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறும் தண்டனைக் குறிப்பு) ஆகிவிட்டது என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒருவரை வெளியே அனுப்பிவிட முடியாது, விசாரணையும் அவரது பணிச் சூழலைப் பற்றிய பரிசீலனையும் வேண்டும் என்று வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னது. சேரும்போது இல்லாத நோய் பின்னால் வந்து, அதனால் வெளியே அனுப்பப்பட்டவருக்குச் சாதகமாகவே அனுமானிக்க வேண்டும், நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்றால் அதைப் படைத்தரப்புதான் காரணத்தோடு காட்ட வேண்டும் என்பது 2013இல் தரம்வீர் சிங் வழக்கின் தீர்ப்பு. இப்படி நோயால் வெளியே வருகிறவர்களின் பென்ஷனுக்கு 2023 செப்டம்பரில் புதிய விதிகள் வந்துவிட்டதால், எந்தத் தேதியில் வெளியே வந்தீர்கள் என்பதும் முக்கியம்.

இத்தகைய வழக்குகளுக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. நேராக அங்கே போக முடியாது. முதலில் படைத்தரப்புக்கு மனு கொடுக்க வேண்டும். இறுதி உத்தரவு வந்தால் ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ஆறு மாதம் பதிலே வராவிட்டாலும் போகலாம். தாமதத்தைத் தகுந்த காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம். ஆனால் பென்ஷன் வழக்கில் ஜெயித்தாலும், பொதுவாக வழக்குக்கு முந்தைய மூன்று வருட நிலுவைதான் கிடைக்கும். தள்ளிப்போடுகிற ஒவ்வொரு வருடமும் கையை விட்டுப் போகிற பணம்.

வழக்குக்கு முன் காகிதம் வேண்டும். ஷீட் ரோல் (வீரரின் பணி விவரப் பதிவு), மெடிக்கல் போர்டு அறிக்கை, ஷோ காஸ் நோட்டீஸ் ஆகியவற்றின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்துக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. பென்ஷன் இல்லாமல் வந்தவர்கள் இதில் இன்னும் வேகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவர்களுடைய சேவை ஆவணங்களை 25 ஆண்டு வைத்திருந்துவிட்டு அழித்துவிட விதி இருக்கிறது. வெளியே வந்து இருபது வருஷம் தாண்டியிருந்தால் இந்த மாதமே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டு, ரசீதைப் புக்கோடு சேர்த்து வையுங்கள்.