ஹெராக்ளிஸுக்கு நினைவில் இல்லாத நிமிடங்கள்

பண்டைய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் எழுதிய ‘ஹெராக்ளிஸ்’ நாடகத்தில் வீட்டுச் சடங்கு ஒன்று நடக்கிறது. எரிகொள்ளியை எடுத்துப் புனித நீரில் தோய்க்கப் போன புராண வீரன் ஹெராக்ளிஸ் சட்டென்று பேச்சற்று நிற்கிறான். கண்கள் உருள்கின்றன, தாடியில் நுரை வழிகிறது. அவனை வெறுக்கும் ஹீரா தேவியின் ஏவலால் லிஸ்ஸா என்ற வெறித்தெய்வம் அவனைப் பிடித்துவிட்டது. பெற்ற பிள்ளைகளையே கொன்றுவிட்டு உறங்கிப்போகிறான். விழித்துப் பார்த்தால் உடம்பு தூணோடு கட்டப்பட்டிருக்கிறது, ஒன்றும் நினைவில்லை. நடந்ததை அப்பா ஆம்பிட்ரியான்தான் எடுத்துச் சொல்கிறார்.

வலிப்போடு வாழும் ஒரு கவிஞர் கிரேக்கப் புராணத்தைத் தேடிப் போனால், முதலில் இந்த இடத்தில்தான் நிற்பார் என்று நினைக்கிறேன். தன் உடம்பில் நடந்ததைப் பிறர் சொல்லிக் கேட்பது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஏன் நினைவு இருப்பதில்லை? மூளையின் நரம்பணுக்களில் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் தூண்டிவிடும். காபா என்ற இன்னொன்று அடக்கிவைக்கும். இந்தச் சமநிலை குலைந்தால், ஏராளமான அணுக்கள் ஒரே நேரத்தில் துடிக்கத் தொடங்கும். ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்த சந்தை முழுக்க ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தினால் வியாபாரம் நடக்குமா? அப்படித்தான் மூளையின் வேலையும் நின்றுபோகிறது. புதிய நினைவுகளைப் பதியும் ஹிப்போகேம்பஸும் இதில் சிக்கினால், அந்த நிமிடங்கள் பதிவாவதே இல்லை. எவ்வளவு யோசித்தாலும் அவை திரும்பக் கிடைக்காது.

துடிப்பு மூளை முழுக்கப் பரவினால் உடம்பு முதலில் விறைக்கும். பிறகு அடக்கும் சக்தி விட்டுவிட்டுத் தலைதூக்கும்போது கைகால்கள் வெட்டி வெட்டி இழுக்கும். பெரும்பாலும் 1 முதல் 3 நிமிடங்களில் தானாகவே ஓய்ந்துவிடும். கையில் சாவிக்கொத்தைத் திணித்ததும் நின்றதாக நம் ஊரில் நம்புவது இதனால்தான். செய்ய வேண்டியது, ஒருக்களித்துப் படுக்க வைப்பது. வாயில் எதையும் வைக்கக் கூடாது. 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே ஆம்புலன்ஸ்.

விழாமல், துடிக்காமல் வரும் வலிப்பும் உண்டு. பேசிக்கொண்டிருக்கும் குழந்தை சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் தொடரும். அந்த நேரத்து மூளை மின்வரைபடத்தில் நொடிக்குச் சுமார் 3 என்ற கணக்கில் அலைகள் எழுந்திருக்கும். பூப்பறித்துக்கொண்டிருந்த பெர்செபொனியை, நிலம் பிளந்து பாதாளத் தெய்வமான ஹேடிஸ் தூக்கிப் போன கதை இதற்கு எவ்வளவு பொருந்துகிறது! பதறித் தேடும் தாய் டிமீட்டரும் அதில் இருக்கிறாள்.

ஆனால் புராணத்தை அப்படியே விழுங்கவும் முடியாது. ஹெராக்ளிஸ் செய்ததுபோல் ஆளைக் குறிவைத்துக் கொல்வது வலிப்பின் இயல்பே இல்லை. தெய்வம் பிடித்தது என்ற பேச்சு நோயாளிகளை எவ்வளவோ வதைத்திருக்கிறது. குதிரைபோல் கத்தினால் பொசைடன், நுரை தள்ளி உதைத்தால் ஏரிஸ், இரவில் அலறி எழுந்தால் ஹெகடே என்று, பிடித்த தெய்வம் எது என அன்றைய கிரேக்க மந்திரவாதிகள் வகை பிரித்திருந்தார்கள்.

அவர்களை மறுத்து, கி.மு. 400 வாக்கில் ஹிப்போக்ரட்டீஸ் மரபு மருத்துவர் ஒருவர் ‘புனித நோய் பற்றி’ என்ற நூலை எழுதினார். வலிப்பைத்தான் அன்று புனித நோய் என்றார்கள். இந்த நோய் கண்ட ஆட்டின் தலையைப் பிளந்து பாருங்கள், மூளை நீர் கோத்து நாறும், அது தெய்வத்தின் வேலையா என்பது அவர் வாதம். கபம்தான் காரணம் என்று அவர் சொன்னது தவறு. மூளைதான் இடம் என்றது சரி. இன்று கார்பமாசெபின் போன்ற மருந்துகள் அதே மூளையில், நரம்பணுவுக்குள் சோடியத்தை விட்டுத் துடிப்பை எழுப்பும் வாயில்களை மட்டுப்படுத்தி வேலை செய்கின்றன. முறையான சிகிச்சை கிடைத்தால் 100 பேரில் 70 பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.