பீனால்: பினாயில் அல்ல

மன்னார்குடியில் எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் கேன் கட்டி வரும் பெரியவரிடம், "இதுல பீனால் எவ்வளவு?" என்று ஒருமுறை கேட்டேன். "பீனாலா? இது பினாயில் தம்பி" என்றார். அவர் சொன்னது சரிதான். பீனால் என்பது ஆய்வகத்தில் இருக்கும் ஒரு தனி வேதிச் சேர்மம். கறுப்புப் பினாயில் என்பது தார் எண்ணெயைச் சோப்போடு சேர்த்த கலவை. வாளித் தண்ணீரில் விட்டதும் பாலாகத் திரிவது அதனால்தான். தார் எண்ணெயில் பீனாலின் பங்காளிச் சேர்மங்கள் இருப்பதால் வாடை மட்டும் ஒத்துப்போகும்.

ஆனால் இரண்டு பெயருக்கும் வேர் ஒன்று. பிரெஞ்சு வேதியியலாளர் லாரென்ட் பென்சீனுக்கு 'பீன்' என்று பெயர் வைக்கப் பார்த்தார். விளக்கெரிக்கும் நிலக்கரி வாயுவில் கிடைத்த பொருள் என்பதால், ஒளிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொண்டார். அதோடு ஆல்கஹாலின் 'ஆல்' ஒட்டிப் பீனால் ஆயிற்று. அதற்கு முன்பே, 1834இல், ருங்கே என்ற ஜெர்மானியர் இதை நிலக்கரித் தாரிலிருந்து பிரித்து, கார்பாலிக் அமிலம் என்று பெயரிட்டிருந்தார்.

ஆய்வகக் குப்பியில் இருக்கும் பீனால் படிகம். உருகுநிலை 41 டிகிரி செல்சியசுக்குப் பக்கம். மார்கழியில் குப்பியை வெந்நீரில் நிறுத்தி வைத்தால்தான் ஊற்ற வரும். அக்கினி நட்சத்திரத்தில் தானாகவே இளகி நிற்கும். புதிதில் வெள்ளை, காற்றுப் பட்டால் இளஞ்சிவப்பு. கொஞ்சம் தண்ணீர் சேர்த்தாலே திரவமாகிவிடும். அதைக் 'கரைசல்' என்று குழப்பிக்கொள்ளக் கூடாது. நீரில் கரைத்த பீனால்தான் பீனால் கரைசல். அறை வெப்பத்தில் 100 மில்லிலிட்டர் நீரில் சுமார் 8 கிராம் கரையும். அதில் நடுநிலை ஃபெரிக் குளோரைடு இரண்டு சொட்டு விட்டால் நாவல்பழச் சாறு போல ஊதா. செய்முறைத் தேர்வில் பிள்ளைகள் முகம் மலரும் இடம் இது. அடர்த்தியானது கையில் பட்டால் தோல் வெளுத்து மரத்துப்போகும். வலி உடனே தெரியாது, ஆபத்தே அதுதான்.

இங்கிலாந்தின் கார்லைல் நகரில் சாக்கடை நாற்றத்துக்குக் கார்பாலிக் ஊற்றுவதை அறிந்த அறுவை மருத்துவர் லிஸ்டர், 1865இல் கிளாஸ்கோவில் எலும்பு முறிந்த சிறுவனின் புண்ணுக்கு அதைப் போட்டார். புண் சீழ் பிடிக்கவில்லை. திசுவையும் சுட்டுவிடுவதால் இன்று புண்ணில் போடுவதில்லை. பாதாம் எண்ணெயில் 5 சதவீதம் கலந்து மூலத்துக்கு ஊசி போடுவதுண்டு. அப்புறம், டிஎன்ஏ பிரித்தெடுக்கக் குளோரோஃபார்மோடு சேர்த்துப் பயன்படுத்துவார்கள். தொழிலில் பேக்கலைட், பிளைவுட் பசை. பழைய வீடுகளின் கறுப்புச் சுவிட்சு நினைவிருக்கிறதா? அது பேக்கலைட்தான், பீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்தது.

சரி, பீனாலைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'கார்பாலிக்' என்பதில் இருப்பது கரியும் நெய்யும். 'கரிநெய் அமிலம்' என்றால் ருங்கே சொன்னதற்கு அச்சாகப் பொருந்தும். எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் இன்று பீனாலில் பெரும்பகுதி பெட்ரோலிய வழியில், க்யூமீன் என்ற சேர்மத்திலிருந்து வருகிறது, கரிக்கு வேலையில்லை. பாடநூல் சொல்லும் 'பீனால்' போதும். 'பினாயில்' என்று எழுதிய பையனுக்கு நான் மதிப்பெண் போடவில்லை.