ஹோஸ்டிங்: இடம் அல்ல, ஓம்பல்

இணையதளம் தொடங்கப் போகிறவர் எடுத்த எடுப்பிலேயே சந்திக்கும் சொல் 'ஹோஸ்டிங்'. 'நெட்டில் இடம் வாங்குவது' என்று அதற்குப் பொருள் சொல்லிவிடுகிறோம். பலர் தவறான வகையைத் தேர்ந்தெடுக்க இந்தப் பாதிப் பொருளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எத்தனை ஜிபி கிடைக்கும் என்று பார்ப்பவர்கள், தங்கள் தளம் குடியிருக்கும் கணினியை இரவு பகலாகப் பார்த்துக்கொள்ளப் போவது யார் என்று கேட்பதில்லை.

ஹோஸ்ட் என்பதன் வேர் லத்தீனின் 'ஹாஸ்பெஸ்'. விருந்தளிப்பவர், விருந்தினர் இருவரையுமே அது குறித்தது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஹாஸ்பிடல், ஹாஸ்டல், ஹோட்டல் எல்லாம் இதே குடும்பம். கணினிக்காரர்கள் வலைப்பின்னலில் இணைந்த கணினிக்கு இந்தப் பெயரைச் சூட்டினார்கள். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டுக்காக 1969 ஏப்ரலில் எழுதப்பட்ட முதல் ஆர்எஃப்சி குறிப்பின் (வலைப்பின்னல் நெறிமுறைகளைப் பேசும் ஆவண வரிசை அது) தலைப்பே 'ஹோஸ்ட் சாப்ட்வேர்'தான்.

தமிழில் இதற்கு 'ஓம்பல்' பொருத்தமாக அமைகிறது. விருந்தோம்பலில் இருக்கும் அதே ஓம்பல். ஓம்புதல் என்றால் பேணுதல், காத்தல். உடல் ஓம்புதல் என்கிறோம். தேவாரத்தில் எரியோம்புதல் வருகிறது. வேள்வித் தீ அணையாமல் காப்பது. எனக்கு இந்த எரியோம்பல்தான் மிகவும் பிடித்த உவமை. வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் உலகின் முதல் வலை வழங்கியாக (வெப் சர்வராக) இயக்கிய கணினியில், 'இது சர்வர், அணைத்துவிடாதீர்கள்' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார். அணையாமல் காப்பதுதான் வேலை. இடம் கொடுப்பது அதில் ஒரு பகுதி.

'புரவல்' என்றும் சொல்லலாமே என்றால், புரவலர் பொருள் கொடுத்துக் காப்பவர். இங்கே நாமல்லவா பணம் கட்டுகிறோம்? 'வழங்கல்' என்றால் சர்வரைக் குறிக்கும் வழங்கியோடு குழம்பும்.

ஓம்பல் என்று சொல்லிப் பழகினால் வகைகளும் தெளிவாகிவிடும். ஒவ்வொன்றிலும் ஓம்புவது யார் என்று பார்த்தால் போதும்.

ஷேர்டு ஹோஸ்டிங் என்பது பகிர்வு ஓம்பல். ஒரே வழங்கியில் பல தளங்கள், ஒண்டுக்குடித்தனம் போல. முன்பு ஒரு தளத்துக்கு ஓர் ஐபி முகவரி, அதாவது வலைப்பின்னலில் கணினியை அடையாளம் காட்டும் எண், தேவைப்பட்டது. எந்தத் தளத்தைக் கேட்கிறோம் என்ற பெயரையும் உலாவி சேர்த்து அனுப்ப வேண்டும் என்று 1997-இல் வந்த எச்டிடிபி 1.1 (உலாவியும் வழங்கியும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) விதித்த பிறகு, ஒரே முகவரியில் எத்தனை தளங்களையும் குடிவைக்க முடிந்தது. மலிவு இதனால்தான். பக்கத்துக் குடித்தனத்தில் கூட்டம் கூடினால் நம் தளமும் தள்ளாடலாம். ஆனால் இயங்குதளப் புதுப்பிப்பு, வன்பொருள் பழுது எல்லாம் ஓம்புநர் பொறுப்பு. புதிதாகத் தொடங்குபவருக்கு இதையே சொல்வேன்.

விபிஎஸ் என்பது மெய்நிகர் தனிவழங்கி. ஒரு கணினியை மென்பொருளால் பல கூறாக்கி, நினைவகமும் இயங்குதளமும் தனியாகத் தருவார்கள். வேகம் கூடும். ஆனால் 'மேனேஜ்டு' (ஓம்புநரே பராமரிப்பார்) என்று குறிப்பிட்டிருந்தால் ஒழிய, பாதுகாப்புத் திருத்தங்கள், தீயரண் (ஃபயர்வால்), காப்புநகல் எல்லாம் நம் தலையில் விழும். லினக்ஸ் முனையம் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் திரை) பழகாதவர் விலையை மட்டும் பார்த்து இங்கே இறங்கக் கூடாது. டெடிகேட்டட் என்பது முழுக் கணினியும் நமக்கே என்ற தனிவழங்கி. பெரும்பாலான தளங்களுக்குத் தேவைப்படாது.

கிளவுட் ஹோஸ்டிங், அதாவது மேக ஓம்பல், வேறு மாதிரி. பல கணினிகளின் திறனைத் திரட்டி, கூட்டத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம். பயன்பாட்டுக்கு ஏற்பக் கட்டணம் என்றால், கூட்டம் பெருகும் நாளில் தளம் தாங்கும், பில்லும் ஏறும். செலவு எச்சரிக்கையை முதல் நாளே அமைத்துவிடுங்கள்.

தரவுத்தளம் இல்லாத, வெறும் எச்டிஎம்எல் பக்கங்கள் கொண்ட நிலைத்தளத்துக்கு இவை எதுவுமே வேண்டாம். கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச ஓம்பலே தாங்கும்.

சொந்தக் கணினியிலேயே தளத்தை இயக்குவதற்கு, அதாவது செல்ஃப் ஹோஸ்டிங்குக்கு, 'தன்னோம்பல்' என்று சொல்லிப் பார்க்கிறேன். மின்சாரம் போனாலும் வட்டு பழுதானாலும் நாமே எழுந்து பார்க்க வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.